டோப்போ ஷீட்டின் ஓரத்தில் எழுதியிருப்பது

1920களுக்கு முன் அச்சான சென்னை வரைபடம் ஏதாவது ஒன்றை விரித்துப் பார்த்தால், நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமான நீர்ப்பரப்பு ஒன்று தெரியும். ஆங்கிலேயர்கள் அதை லாங் டாங்க் என்று எழுதினார்கள். அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடு இருக்கிறது. லேக்கையும் டாங்க்கையும் பார்க்க வேண்டுமானால் பழைய வரைபடத்துக்குத்தான் போக வேண்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த மாதிரி வரைபடங்கள் வாட்ஸப்பிலும் ஃபேஸ்புக்கிலும் நிறையச் சுற்றின. இன்றும் மழைக்காலம் வந்தால் யாராவது எடுத்துப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் என் கண்ணில் பட்டவற்றில் பலவற்றுக்கு ஓரம் கிடையாது. நடுவில் இருக்கும் ஏரியும் ஊரும் மட்டும் இருக்கும். எந்த ஆண்டு அளந்தது, எந்த அளவையில் வரைந்தது, எத்தனையாவது பதிப்பு என்பதையெல்லாம் அச்சிட்டிருந்த வெள்ளை விளிம்பை யாரோ வெட்டியிருப்பார்கள். அதற்குப் பதில் 'நூறு வருடத்துக்கு முந்தைய மேப்' என்று மேலே ஒரு வரி. யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்டால் பதில் வராது.

பழைய வரைபடங்களைக் காப்பது, டிஜிட்டலாக்குவது என்று பேச்செடுத்தால் நம் பேச்சு உடனே ஸ்கேனருக்குப் போய்விடுகிறது. ஸ்கேன் செய்வது இந்த வேலையின் சுலபமான பாதி. மீதிப் பாதி அந்த ஓரத்தில் இருக்கிறது.

தாளும் எண்ணும்

இந்த மாதிரி வரைபடத்தை நிலத்தோற்ற வரைபடம் என்று பாடப்புத்தகம் சொல்லும். புழக்கத்தில் டோப்போ ஷீட். சாலை, ரயில், ஊர், ஏரி, ஓடை, காடு, கோயில், கிணறு, மேடு பள்ளத்தைக் காட்டும் சமஉயரக் கோடு என நிலத்தின் மேல் இருப்பதையெல்லாம் ஒரே தாளில் அளவு தவறாமல் காட்டுவது. பட்டா, சிட்டா, புலப்பட விவகாரம் வேறு; அது வருவாய்த் துறையின் கிராம வரைபடம் சார்ந்தது. டோப்போ ஷீட்டில் உங்கள் வயலின் வரப்பு இருக்காது. அந்த வயலுக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வந்தது என்பது இருக்கும்.

இந்தியாவில் இதை வெளியிடுவது சர்வே ஆஃப் இந்தியா. 1767இல் தொடங்கிய துறை. அவர்களுடைய தாள் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அட்ச, தீர்க்க ரேகைகளை வைத்து நான்கு டிகிரிக்கு நான்கு டிகிரி என்று நாட்டைச் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பதினாறாகப் பிரித்து ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து. அதில் ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாகப் பிரித்து 1 முதல் 16 வரை எண். மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு வந்து, அடுத்த வரிசைக்கு வலப்பக்கம் தாவ வேண்டும். இப்படித்தான் சென்னைக் கடற்கரை 66 சி/8 ஆகிறது, பள்ளிக்கரணை 66 டி/1 ஆகிறது, மதுரை நகரம் 58 கே/1 ஆகிறது. பதினைந்து நிமிடத்துக்குப் பதினைந்து நிமிடம், அதாவது கால் டிகிரிக்குக் கால் டிகிரி உள்ள தாள்தான் நம்மில் பலர் கல்லூரியில் பார்த்தது. தரையில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். நாடு முழுவதையும் இந்த அளவில் காட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் வேண்டும்.

மெட்ரிக் முறை வருவதற்கு முன் இதே தாள் 'ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல்' என்ற அளவையில் இருந்தது, அதாவது 1:63,360. உயரம் அடியில். பிறகு 1:50,000, உயரம் மீட்டரில். தாள் எண் மாறவில்லை. அதனால் 58 கே/1 என்று மட்டும் ஒருவர் எழுதி வைத்தால், அவர் கையில் இருப்பது எந்தக் காலத்துத் தாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு தாள், மூன்று ஆண்டுகள்

பழைய டோப்போ ஷீட்டின் அடியில் பொதுவாக மூன்று வேறு ஆண்டுகள் இருக்கும். களத்தில் அளந்த ஆண்டு, பதிப்பு வெளியான ஆண்டு, அச்சடித்த ஆண்டு. மூன்றுக்கும் இடையே பல பத்தாண்டு இடைவெளி இருக்கலாம்.

ஒரு தாளை 1914இல் அளந்து, 1917இல் வெளியிட்டு, சாலைகளையும் ரயில் பாதையையும் மட்டும் திருத்தி 1942இல் மறுபடி அச்சடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூலகப் பட்டியலில் 1942 என்று ஏறும். அதை எடுத்து ஒருவர் 'பாருங்கள், 1942இல்கூட இந்தக் குளம் நிறைந்திருக்கிறது' என்று கட்டுரை எழுதுவார். குளத்தைப் பார்த்தது 1914இல் வந்த சர்வேயர். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் அந்தக் குளத்துக்கு என்ன ஆனது என்பது பற்றி அந்தத் தாள் வாயே திறக்கவில்லை. சில தாள்களில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தாளின் எந்த மூலை எந்த ஆண்டு அளவையிலிருந்து வந்தது என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அந்தக் கட்டம் இருந்தால் அது தங்கம். முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

நீதிமன்றத்துக்கும் இது பொருந்தும். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, அரசின் அதிகாரத்தில் தயாரித்ததாகக் காணப்படும் வரைபடம் சரியானது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று சொன்னது. பிரிவு எண்கள் மாறிய புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் அரசு தயாரித்தது என்பதைக் காட்டும் எழுத்தெல்லாம் எங்கே இருக்கிறது? ஓரத்தில். அதை வெட்டிவிட்டு நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான்.

இன்னொரு கேடும் உண்டு. புதிய பதிப்பு வந்தவுடன் பழையதைக் கழித்துவிடும் பழக்கம். பாடநூலுக்கு அது சரி. வரைபடத்துக்கு அது தவறு, ஏனென்றால் புதிய பதிப்பு பழையதை உள்ளடக்கி வருவதில்லை, அழித்துவிட்டு வருகிறது. தூர்ந்த ஏரி புதிய தாளில் 'முன்பு ஏரி' என்று குறிக்கப்படாது, வெறுமனே இல்லாமல் போகும். ஆகவே எல்லாப் பதிப்பையும் காப்பதுதான் காப்பு. ஒன்றே ஒன்றை அழகாக ஸ்கேன் செய்து வைப்பது அலங்காரம்.

அமெரிக்கர்கள் இதை நன்றாகச் செய்தார்கள். அவர்களுடைய புவியியல் அளவைத் துறை 1884 முதல் 2006 வரை வெளியிட்ட டோப்போ ஷீட்டுகளை, சமீபத்திய பதிப்பு மட்டும் என்றில்லாமல் கிடைத்த ஒவ்வொரு பதிப்பையும் ஸ்கேன் செய்வது என்று 2009இல் இறங்கினார்கள். 1,78,000க்கும் மேற்பட்ட தாள்கள் சேர்ந்தன. டோப்போவியூ என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஓரம் வெட்டாமல், இடக்குறிப்புடன். சுவிட்சர்லாந்தின் வரைபடத் துறை இன்னும் ஒரு படி மேலே போய், 1844 முதல் வந்த பதிப்புகளை வரிசையாக வைத்து, ஆண்டை நகர்த்தினால் அதே இடம் மாறுவதைப் பார்க்கும்படி செய்திருக்கிறது. பனியாறு சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அதில் நேரம் போவதே தெரியாது, எச்சரிக்கையாகச் சொல்கிறேன்.

நான்கரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஊர்

நம் ஊர் வரைபடங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அது சென்னையிலிருந்தே தொடங்குகிறது.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் பின்னிய பெரும் அளவைப் பணி அங்கிருந்துதான் கிளம்பியது. அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது 1808இல். லாம்டன் அதைப் பல வாரம் உட்கார்ந்து சரிசெய்தார்.

முக்கோணம் பின்னுவதற்கு ஏதாவது ஓர் இடத்தின் அட்ச, தீர்க்க ரேகை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகம் பயன்பட்டது. 1792இல் கட்டியது; அதன் கருங்கல் தூண் தமிழ் எழுத்துகளோடு இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகை கிரீன்விச்சிலிருந்து கிழக்கே 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி என்று எடுத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் வரைபடம் போட்டார்கள். பிற்பாடு, தந்தி வந்து நேரத்தைச் சரியாக ஒப்பிட முடிந்த பிறகு, அந்த எண் சுமார் இரண்டரை நிமிடம் அதிகம் என்று தெரிந்தது. வானில் இரண்டரை நிமிட வில் என்றால் ஒன்றுமில்லை. சென்னை அட்சரேகையில் தரையில் அது நான்கரை கிலோமீட்டர்.

அதற்குள் ஏராளமான தாள்கள் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சாகிவிட்டன. எல்லாவற்றையும் மறுபடி செதுக்க முடியுமா? ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டார்கள்: இந்தத் தாளின் தீர்க்கரேகைகள் மெட்ராஸ் வானாய்வகத்தின் இன்ன மதிப்பை வைத்துப் போட்டவை, இத்தனை கழித்துக்கொள்க என்று. 19ஆம் நூற்றாண்டு இந்திய அட்லஸ் தாளை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் கோட்டை நம்பி, இன்றைய கூகுள் படத்தின் மேல் பொருத்தினால் மொத்த ஊரும் நான்கரை கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து நிற்கும். சென்னை என்றால் கடலுக்குள் போய்விடும், அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். உள்நாட்டு மாவட்டமாக இருந்தால்? பொட்டல் காட்டில் ஓர் ஏரியைக் கண்டுபிடித்துவிட்டு 'காணாமல் போன ஏரி' என்று அறிவித்துவிடலாம்.

இதைத் தாண்டி வந்த 20ஆம் நூற்றாண்டுத் தாள்களிலும் சின்ன விலகல் ஒன்று உண்டு. பூமியின் வடிவத்துக்கு, லாம்டனுக்குப் பிறகு அந்த அளவைப் பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணக்கிட்ட நீள்கோளத்தைத்தான் சர்வே ஆஃப் இந்தியா நெடுங்காலம் பயன்படுத்தியது. அதன் தொடக்கப் புள்ளி மத்தியப் பிரதேசத்தின் கலியான்பூரில் இருந்தது. இன்றைய செல்போன் ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டால் ஒரே இடம் வராது. தமிழ்நாட்டுப் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் விலகும். பழைய தாளிலிருந்து கிணற்றின் எண்ணைக் குறித்துக்கொண்டு செல்போனோடு களத்துக்குப் போனவர்கள் வேறு தெருவில் போய் நின்றிருப்பார்கள். மாற்றும் சூத்திரங்கள் மென்பொருளில் தயாராக இருக்கின்றன. எந்தச் சூத்திரம் வேண்டும் என்பதைத் தாளின் வயதும் ஓரக் குறிப்பும்தான் சொல்ல வேண்டும்.

தாள் தாங்குமா

அதற்கு முன் தாள் உயிரோடு இருக்க வேண்டும். மர அரைப்பில் செய்த மலிவான தாள் அமிலத்தால் பழுத்து, மடிப்பில் நொறுங்கும். களத்துக்குக் கொண்டுபோவதற்காகத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, சின்ன இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டி மடிக்கும் வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட தாள் நன்றாகவே நீடித்திருக்கிறது, துணி காப்பாற்றிவிட்டது. ஆனால் ஸ்கேன் செய்து பொருத்தும்போது ஒவ்வொரு இடைவெளியும் தொல்லை. துண்டு துண்டாகப் பொருத்தித்தான் சேர்க்க வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதம் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல்லுப்பூச்சியும் கரையானும் ஒரு பக்கம். மனிதர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதி இன்னொரு பக்கம்: கிழிசலுக்கு செல்லோடேப், அப்புறம் லேமினேஷன். செல்லோடேப்பின் பசை காலப்போக்கில் தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும், எடுக்க முடியாது. கடையில் சூடாக்கி ஒட்டும் லேமினேஷன் அதைவிட மோசம், தாளும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிடும். ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் ஏட்டை வைத்து லேமினேட் செய்தன. இயந்திரம் இல்லாமல், அசிட்டோனைத் தொட்டுக் கையாலேயே ஒட்டும் முறை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950களில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. அன்றைக்கு அது பெரிய சாதனை. இன்று அந்த அசிட்டேட்டே சிதையத் தொடங்கினால் வினிகர் நெடி அடிக்கும், அமிலம் தாளைத் தின்னும். இப்போதைய அறிவுரை எளியது: ஒட்டாதே. அமிலமற்ற உறையில் தட்டையாக, அகலமான இழுப்பறையில் படுக்கப் போடு. அடிக்கடி கையாளும் தாள் என்றால் இரண்டு பாலியெஸ்டர் ஏடுகளுக்கு நடுவே வைத்து ஓரத்தை மட்டும் மூடு, வேண்டும்போது பிரித்து எடுக்கலாம். சுருட்டி வைத்தது விரிய மறுத்தால் இழுக்காதே, ஈரப்பதம் கொடுத்துத் தளர்த்தத் தெரிந்தவரிடம் கொடு.

தாள் சுருங்கவும் செய்யும். அதுவும் இழை ஓடும் திசையில் ஒரு மாதிரி, குறுக்கே வேறு மாதிரி. 1:50,000 தாளில் வரைபடம் மட்டும் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர். அதில் நூற்றுக்கு அரைப் பங்கு சுருங்கினால் இரண்டேமுக்கால் மில்லிமீட்டர். தரையில் அது 137 மீட்டர்.

ஸ்கேனர் முன்னால்

உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பெரிய ஸ்கேனர்கள் ஜெராக்ஸ் கடைகளிலேயே இருக்கின்றன, கட்டட பிளான் எடுக்க வைத்திருப்பார்கள். உறுதியான தாளுக்குப் பரவாயில்லை. நொறுங்கும் தாளை அதில் விட்டால் அதுதான் அந்தத் தாளின் கடைசிப் பயணம். தவிர உருளை இழுக்கும்போது படமும் கொஞ்சம் நீளும். பழைய தாளைத் தட்டையாக வைத்து மேலிருந்து எடுக்கும் முறைதான் பாதுகாப்பு.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்தால் 1:50,000 தாளில் ஒரு புள்ளி தரையில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். வரைபடத்தில் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடே தரையில் பன்னிரண்டரை மீட்டர் அகலம். ஆக 600க்கு மேல் போவதால் தாளில் இல்லாத துல்லியம் வந்துவிடாது. 300க்குக் கீழே போனால் மெல்லிய பழுப்புச் சமஉயரக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வண்ணத்தில் எடுக்க வேண்டும், சுருக்காத டிஃப் கோப்பாக வைக்க வேண்டும். ஜேபெக் பார்ப்பதற்கு மட்டும். இப்படி எடுத்தால் ஓரத்தோடு சேர்த்து ஒரு தாள் முக்கால் ஜிபி வரும். நாடு முழுவதற்கும் ஐயாயிரம் தாள் என்றால் நான்கு டெராபைட்டுக்குள் அடங்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். இடமில்லை, செலவாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஸ்கேன் முடிந்ததும் பொருத்தும் வேலை. கியூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள், இதற்கு அதுவே போதும். படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டு அதன் அட்ச, தீர்க்க எண்ணைக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத் தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு இருப்பதால் வெட்டும் இடங்கள் பதினாறு கிடைக்கும். நான்கு மூலையோடு நிறுத்திவிடாமல் பதினாறையும் கொடுத்தால் தாள் எங்கே சுருங்கியிருக்கிறது என்பது பிழைக் கணக்கில் தெரிந்துவிடும். இங்கே ஒரு மயக்கம் உண்டு. ரப்பர் போலத் தாளை இழுத்து ஒவ்வொரு புள்ளியையும் கச்சிதமாக உட்கார வைக்கும் முறை ஒன்றிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பிழை பூஜ்யம் என்று காட்டும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். தவறான புள்ளி ஒன்றைக் கொடுத்திருந்தாலும் அதே பூஜ்யம்தான் காட்டும், அதைச் சுற்றியுள்ள ஊர்கள் வளைந்துபோயிருக்கும். கொஞ்சம் பிழை காட்டும் எளிய முறை, பிழையே காட்டாத முறையைவிட நம்பகமானது என்பது என் கட்சி.

பொருத்திய பிறகு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து ஒரே விரிப்பாக்குவதற்கு ஓரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டட்டும். பிரதியில் வெட்டட்டும். வெட்டாத மூலப் படம் தனியாக, கை படாமல் இருக்க வேண்டும், பொருத்திய புள்ளிகளின் பட்டியல் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆல்மேப்ஸ் மாதிரியான திறமூலக் கருவிகள் இதைத்தான் செய்கின்றன: படத்தைத் தொடுவதே இல்லை, பொருத்தம் பற்றிய தகவலைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்கின்றன. நாளைக்கு இன்னொருவர் வந்து மேலான முறையில் பொருத்த அது வழிவிடும்.

கணினி படிக்கும்போது

இப்போது எல்லோரும் கேட்பது, செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தானே படித்துவிடாதா என்று. கொஞ்சம் படிக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ரம்சியின் பெரும் வரைபடத் தொகுப்பில், வரைபடங்களின் மேல் அச்சாகியிருக்கும் ஊர்ப் பெயர்களையே தேடும் வசதி வந்துவிட்டது. லண்டனில் ஆலன் டூரிங் நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் ரயில் பாதைகளைக் கணினியே அடையாளம் காணும் மேப்ரீடர் என்ற மென்பொருள் உருவானது.

நம் டோப்போ ஷீட்டில் அதற்குச் சில படுகுழிகள் காத்திருக்கின்றன. நீலமெல்லாம் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். சர்வே ஆஃப் இந்தியா தாளில் நீர் நிற்கும், ஓடும் இடம்தான் நீலம். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடையைக் கறுப்புக் கோட்டில் வரைவார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்க்கு வரத்துக் கொண்டுவரும் ஓடைகளில் பல இப்படித்தான். நீலத்தை மட்டும் பிரித்து எடுத்தால் கண்மாய் இருக்கும், அதற்குத் தண்ணீர் வரும் வழி இருக்காது. ஆக்கிரமிப்பு வழக்குகளில் பல அந்த வழியைப் பற்றியவைதான். அதேபோல் ஆற்றின் பெயரை வளைவுக்கு ஏற்ப எழுத்துக்கு எழுத்து ஒரு விரற்கடை தள்ளி அச்சிட்டிருப்பார்கள். கணினி அதைச் சிதறிய எழுத்துகளாகப் பார்க்கும். டிரிச்சினாபொலி, டாஞ்சூர், டின்னவெலி என்று அன்றைய ஆங்கிலேயர் எழுதியதை இன்றைய பெயரோடு இணைக்கும் அட்டவணையும் வேண்டும். மாவட்டத் தலைநகருக்கு இது சுலபம். பத்து வீடு உள்ள ஊருக்கு அந்த ஊர்க்காரர்தான் வர வேண்டும்.

பூட்டி வைத்த காலம்

அமெரிக்கா செய்தது, சுவிஸ் செய்தது, நாம் ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு ஸ்கேனர் இல்லாதது பதிலல்ல. இந்தியாவில் எல்லைப் பகுதியும் கடலோரப் பட்டையும் அடங்கிய டோப்போ ஷீட்டுகள் பாதுகாப்புக் காரணம் காட்டிப் பல பத்தாண்டுகள் கட்டுப்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு நீளமான கடற்கரை என்று பாருங்கள். அடிக்கோடு அளந்த பரங்கிமலையும் அந்தப் பட்டைக்குள்தான் வந்தது. கல்லூரியிலோ அலுவலகத்திலோ தாள் இருந்தாலும் வெளியே எடுக்கப் பயம். பூட்டிய பீரோவுக்குள் வைத்தது அப்படியே மறந்துபோனது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு 1950களில் இந்தியா முழுவதற்கும் 1:2,50,000 அளவையில் ஒரு வரிசையை அச்சிட்டது, சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களை அடிப்படையாக வைத்து. யு502 என்று பெயர். ஆஸ்டின் நகரில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ரி-காஸ்டனெடா நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டது. நம் ஏரி ஆராய்ச்சியாளர்கள், மலையேறுகிறவர்கள், தன்னார்வலர்கள் என்று எல்லோரும் சொந்த மாவட்டத்தின் பழைய வரைபடத்துக்கு ஆஸ்டினுக்குத்தான் போனார்கள்.

நிலைமை படிப்படியாகத் தளர்ந்தது. 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2017இல், துறையின் 250ஆவது ஆண்டில், பொது வரிசைத் தாள்களை ஆதார் எண் கொடுத்து இலவசமாக இறக்கிக்கொள்ளும் தளம் வந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் புவிசார் தரவுகள் மீதிருந்த அனுமதிக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதியை நீக்கின. எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இலவசமாகக் கிடைப்பது புதிய தாள். புதிய வரிசைக்குத் தாள் எண் முறையே வேறு. 1915 பதிப்பும் 1931 பதிப்பும் அந்தத் தளத்தின் நோக்கத்திலேயே இல்லை.

பதிப்புரிமை ஒரு தடை என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அரசின் படைப்புக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1950களில் வந்த ஓர் அங்குலத் தாள்களின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டுப்படுத்திய தாளா இல்லையா என்பது தனிக் கேள்வி, அதையும் தாளின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் காப்பாற்றியாகிவிட்டது என்றும் இல்லை. இந்தியாவின் காலனிகால வரைபடங்களை மிகப் பெரிய அளவில் வைத்திருக்கும் இடங்களில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகம். 2023 அக்டோபரில் அதன் கணினிகள் மீது நடந்த தாக்குதலில் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அடுக்கில் இருந்த தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஸ்கேன் ஆகிவிட்டதே, தாளைக் கழித்துவிடலாமே என்று கிளம்புகிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். படம் குறைந்தது மூன்று இடத்தில், அதில் ஒன்று வேறு ஊரில்.

தமிழ்நாட்டில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தைத் தவிர, பழைய அரசுக் கல்லூரிகளின் புவியியல் துறை, பொதுப்பணித் துறை அலுவலகங்கள், வனத்துறை என்று பல இடங்களில் தாள்கள் சிதறிக் கிடக்க வாய்ப்பிருக்கிறது. எந்தப் பதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு கூட்டுப் பட்டியல் வேண்டும். அதற்கு ஸ்கேனர் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். மாணவர்கள் இரண்டு பேர், மென்மையான தூரிகை, ஒரு எக்ஸல் கோப்பு. தாள் எண், அளவை, அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, அச்சான ஆண்டு, தாளின் நிலை, ஓரக் குறிப்பு முழுவதும். கட்டுப்பாட்டு முத்திரை இருந்தால் அதுவும். பத்துக் கல்லூரிகளின் கோப்புகளைச் சேர்த்தாலே 58 கே/1க்கு எத்தனை பதிப்புகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன, எந்தப் பதிப்பு ஒரே ஒரு பிரதியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அந்த ஒற்றைப் பிரதிகளைத்தான்.